ஓரக்கண்ணால் பார்த்த சனி

டோமினிக்குக்குச் சனிக்கிழமை என்றால் கால்வலி. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தார். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. சனிக்கிழமை மட்டும் ஐந்து மணிக்கு விடுவார்கள். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் அல்லவா? மாட்டார். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடிக்கு மூன்று மாடி ஏறுவார்.

அங்கே ஒரு வானோக்குக் கூடம் இருந்தது. பெயர்தான் பெரிசு, ஒரு தகரக் கொட்டகை, ஒரு தொலைநோக்கி, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பதினோரு பேர் கூடித் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. இப்போது மிஞ்சியிருப்பது அவரும், கல்லூரியில் இயற்பியல் நடத்தும் வஹீதாவும்தான்.

ஆறு மாதமாக டோமினிக் ஒன்றை மறைத்து வந்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, சரிசெய்ய வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேராகப் பார்த்தால் பார்த்த பொருள் காணாமல் போகும். ஓரக்கண்ணால் பார்த்தால் மங்கலாக இருக்கும். மனைவி அமலராணியிடம் கண்ணாடி மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். உண்மை தெரிந்தால் சனிக்கிழமைக்குத் தடை போட்டுவிடுவாள் என்ற பயம். ஓய்ந்துபோன வாழ்க்கையில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

இதுவரை சமாளித்தார். ஓரக்கண்ணால் கோளைப் பிடித்துத் தொலைநோக்கியைத் திருப்புவது அவர் வேலை. திருகைத் திருப்பி ஃபோகஸ் வைப்பது வஹீதா.

அன்றைக்கு வஹீதா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சனிக்கோளைப் பார்க்க மாடியில் நாற்பது பேர் நின்றார்கள். வரிசையின் கடைசியில் அமலராணி. பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த மாடி ஏறியதில்லை.

“நீ எங்க இங்க?”

“சும்மாதான். என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்.”

முதல் ஆள் உறையூர் லக்ஷ்மணன், ஓய்வு பெற்ற தாசில்தார். அவரைக் கண் வைக்கச் சொல்லிவிட்டு டோமினிக் திருகை மெல்லத் திருப்பினார்.

“தெரியும்போது சொல்லுங்க சார்.”

லக்ஷ்மணன் சனி பகவானை நேருக்கு நேர் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டவர். கோயிலிலேயே பக்கவாட்டில் நின்று கும்பிடுகிறவர், இங்கே மட்டும் துணிந்து பார்த்துவிடுவாரா? அரைக்கண்ணை மட்டும் வைத்து எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தெரியுது தெரியுது! நல்லா இருக்கு.”

டோமினிக் திருகை அப்படியே விட்டார். அடுத்தவரும் தெரியுது என்றார். தாசில்தாருக்கே தெரிந்தபோது தனக்குத் தெரியவில்லை என்று யார் வாய் திறப்பார்கள்? பின்னால் வேறு வரிசை நெருக்கியது. ஆளுக்கு அரை நிமிஷம். சூப்பர் சார், தேங்க்ஸ் சார். அந்தப் பாராட்டில் ஏதோ குறைந்தது. உண்மையாகவே வளையத்தைப் பார்த்தவர்கள் ஒரு நொடி மூச்சை இழுப்பார்கள். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட சத்தம் அது. இன்றைக்கு ஒருவரும் இழுக்கவில்லை. அவருக்கு அது புரிந்தது. ஆனாலும் கால் கடுக்க நின்று அடுத்தவங்க, அடுத்தவங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வார்?

கடைசியாக அமலராணி குனிந்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“என்னங்க, ஒண்ணுமே தெரியலையே. வெளிச்சமா ஒரு திட்டுதான் இருக்கு.”

அவள் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுதா?”

தெரியுது என்று சொல்ல வாயெடுத்தார். அத்தனை பேரும் சொன்ன அதே பொய்தான். அதைச் சொல்லவும் அவருக்குத் தெம்பு இல்லை.

“இல்ல அமலா. நேரா எதுவுமே தெரியல. ஆறு மாசமாச்சு.”

“தெரியும். கருவேப்பிலைய ஒதுக்காமத் திங்கிறப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

டோமினிக் அவள் கையைப் பிடித்துத் திருகின்மேல் வைத்தார்.

“மெதுவா உன் பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். அவசரப்படாத.”

அமலராணி மூச்சை இழுத்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார். வரிசையில் காத்திருப்பவர்கள் அவரிடம் கேட்கும் கேள்வி அது.

“பொடிசா இருக்குங்க. சுத்தி வளையம், நடுவுல இடைவெளி. கையில எடுத்துறலாம் போல இருக்கு.”

டோமினிக் இன்னும் கலையாத கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் மன்னிக்கணும். என் கண்ணு சரியில்ல, ஃபோகஸ் தப்பா வெச்சுட்டேன். நீங்க பாத்தது சனி இல்ல. இன்னொரு தடவை வரிசையில வாங்க.”

யாரும் கோபப்படவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். முதல் ஆளாக ஓடி வந்து நின்றவர் லக்ஷ்மணன்தான். அமலராணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “குழாயப் பிடிக்காதீங்க சார், கண்ண மட்டும் வைங்க. நேராப் பாருங்க” என்று அதட்டினாள்.

டோமினிக் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மாடியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு, வரிசையில் ஒவ்வொருவராக மூச்சை இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.