கீழ இருந்த நட்சத்திரம்

அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அந்த வானப் படத்தை விரித்து வைத்திருந்தேன். பென்சில் வட்டத்துக்குள் ஒன்பது நட்சத்திரங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம்; எனக்கு எட்டாம் மாதம். சில வாரங்கள் மட்டும் எக்ஸ் கதிர்களைத் துடித்துத் துடித்து வீசிவிட்டு அணைந்துபோகும் விண்மீன்கள்தாம் என் ஆராய்ச்சி. அப்படியொன்று அப்போது எரியத் தொடங்கியிருந்தது. செயற்கைக்கோள் தெருவைச் சொல்லும், கதவிலக்கம் சொல்லாது. அந்த ஒன்பதில் எது அதனோடு இணைந்து சுற்றும் துணை நட்சத்திரம் என்பதை, அது அணைவதற்குள், அகச்சிவப்பு ஒளியில் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தொலைநோக்கி கிடைத்தது இரண்டே இரவுகள்.

மலைமேல் தொலைநோக்கியில், இதே படத்தின் நகலோடு, எங்கள் சீனியர் இருந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபப்படத் தெரியாத மனிதர். எஸ்டிடி பூத்திலிருந்து அவரிடம் கத்தினேன்: "நடுவுல பெருசா இருக்குல்ல சார், அதுக்குக் கீழ, மங்கலா ஒண்ணு. அதான்!"

மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டபோது, "சாதாரண நட்சத்திரம்மா. பரவாயில்ல, உடம்பப் பாத்துக்கோ" என்றார். சில நாளில் துடிப்பும் அடங்கிவிட்டது. நான் தேர்ந்தெடுத்த முறையே தப்பு என்று நம்பி அழுதேன். ஆராய்ச்சியை விடுகிறேன் என்று எழுதி, அலுவலகத்தில் கொடுக்கும்படி அவருக்கே அனுப்பிவிட்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தன் படத்தை விரித்து, "அடுத்த தடவை வேற எதைப் பாக்கலாம், சொல்லு" என்றார். அவர் டிக் போட்டிருந்தது நான் சொன்ன நட்சத்திரமே இல்லை.

"கீழன்னு சொன்னேனே சார்!"

"கீழதானம்மா பாத்தேன்?" அவர் விரல் படத்தின் அடிப்பக்கத்தில் இருந்தது. என் விரல் இடப்பக்கத்தில். வானப் படத்தில் கிழக்கு அங்கேதான் இருக்கும்.

காப்பி கொண்டுவந்த அம்மா, "கீழன்னா கிழக்கு. அவுகளுக்கு இது தெரியாதாக்கும்?" என்றாள்.

ஆய்வுக்கூடத்தில் கிழக்கு என்றுதான் சொல்வேன். அந்தப் போனுக்கு முன் இரண்டு மாதம் வீட்டில் இருந்ததில் நாக்கு ஊருக்குத் திரும்பியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அப்போ நீ தப்பு பண்ணலம்மா. உன் நட்சத்திரத்த இன்னும் யாரும் பாக்கவே இல்ல" என்றார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுவலகத்தில் கொடுக்கவேயில்லை.

அந்த விண்மீன் இன்றுவரை மறுபடி எரியவில்லை. என் தேர்வு சரிதானா என்பது எனக்கு இன்னமும் தெரியாது. அதற்குப்பின் வேறு எத்தனையோ வட்டங்களுக்குள் தேடியிருக்கிறேன். அன்று மதுரை பஸ்ஸுக்கு நேரமாகி, செருப்பை மாட்டிக்கொண்டே, மேசைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்று மட்டும் கேட்டார் சீனியர். தோளில் குழந்தையோடு வாசலில் நின்றேன். புறப்படுகிறவர் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்.

"வாரேன் சார்."