மாங்காய்ச் சூடும் பப்பாளிச் சாறும்

எங்கள் நாயின் மூக்கில் ரத்தம் வந்தபோது, அது மாங்காய்ச் சூடு என்று நம்பினேன். சொல்ல வெட்கம்தான். ஆனால் திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் மாந்தோப்பு வைத்திருப்பவனுக்கு உலகத்தின் எல்லா வியாதியும் மாங்காயில்தான் ஆரம்பிக்கும். ஆனி மாதம், பெங்களூரா மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. உதிர்ந்த பழத்தைக் கூலியாட்களுக்கு முன்னால் நாய்தான் தின்னும். பிறகு சூடு ஏறாமல் என்ன செய்யும்?

அதன் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். மோர் கரைத்து வைத்தேன். ஈரச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். இப்படியே மூன்று நாள். எண்ணெய் தேய்க்கும்போது காதுக்குள் ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உண்ணிகள் விரலில் தட்டுப்பட்டன. மாட்டுக்கும் இருக்கிறது, நாய்க்கும் இருக்கிறது, இதற்கெல்லாம் யார் கவலைப்படுவது என்று விட்டுவிட்டேன். எண்ணெய் பட்டதில் அவையும் பளபளப்பாகத்தான் இருந்தன.

நாலாம் நாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. என் மனைவி அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு காகிதம் மாதிரி இருந்தது.

"சூடுன்னா செவக்கணும். இது வெளுத்துக்கினு கீது. நீ வைத்தியம் பாத்தது போதும், ஆட்டோவைக் கூப்டு," என்றாள்.

திருப்பதி வரைக்கும் நாய் என் மடியில் கிடந்தது. வேட்டியில் ரத்தம் சொட்டியது. மொட்டைத் தலைகளோடு போன ஒரு குடும்பம் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நடந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாயின் விரலிடுக்கைப் பிரித்தார். அங்கேயும் உண்ணி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது கிருமி ரத்தத்துக்குள் போகும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும், அதனால்தான் மூக்கில் கசிகிறது என்று தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ரத்தம் வந்த அன்றே கொண்டு வந்திருக்கலாம், பார்ப்போம் என்றார்.

நான் கேட்டது ஒரே கேள்வி. எனக்கும் வருமா? அதைத் தெலுங்கில் இரண்டு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கேட்டேன். தொட்டால் வராது, நக்கினால் வராது, உண்ணி கடித்தால்தான் பயம் என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அரித்தது.

நாய்க்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, அதன் பக்கத்தில் உட்காராமல், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த லேபுக்குப் போய் என் கையை நீட்டினேன். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"மாட்டு டாக்டரு," என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. ஊசியைக் குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் பப்பாளி இலையைப் பறித்து இடித்துச் சாறு பிழிந்தேன். டெங்கு வந்த வீடுகளில் தட்டணு ஏறுவதற்கு இதைத்தான் குடிப்பார்கள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். மறுநாள் அதற்குக் காட்டக்கூட இல்லை, நேராக எனக்குத்தான். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா மாத்திர குட்த்தது யாருக்கு?"

"நாய்க்கு."

"அப்ப அதுங்கிட்ட போய் குந்து."

போய் உட்கார்ந்தேன். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் நாய் இரண்டு வாய் தயிர்சோறு தின்றது. வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. பிழைத்துவிட்டது என்று டீக்கடைக்குப் போய், நானும் நாயும் ஒரே வார்டில் இருக்கிறோம் என்று ஆரம்பித்து, காதுக்குள் உண்ணி தட்டுப்பட்ட கதை, மாட்டு டாக்டர் கதை எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்ணியைத் தொட்டும் விட்டுவிட்டதற்கும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் டீயைக் குடித்தேனா இல்லையா என்று இப்போது ஞாபகமில்லை.

ஐந்தாம் நாள் என் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. தட்டணு சரியாக இருந்தது.

ஆறாம் நாள் காலை மாத்திரையைத் தயிர்சோற்றில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நாய் செத்திருந்தது.