வெளிச்சம் அணையட்டும், அப்புறம் புடவை

அம்மனை நம்புகிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

போன வருஷம் தை மாதம் என் வலது காலுக்கு மிதிப்பலகை தெரியாமல் போனது. நான் ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிற கால் இது. அந்தக் கால் மிதித்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டி வந்தது. முதுகுவலி தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல். ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. எவரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தெருவில் முதுகு வலிக்காத ஆள் யார்? "குழியில உக்காந்தா முதுகு வலிக்காம பல்லா வலிக்கும்?" என்று சிரித்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்பார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் கணவரின் அக்கா சுலோச்சனா அப்படிப் பிறந்தவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தறிக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்து வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். என்னையும் படுக்கவைத்து மிதித்தாள். உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

"கத்துனா பிடிப்பு வுடுதுன்னு அர்த்தம்டி. கம்முனு படு."

மறுநாள் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். எனக்கு இருமலே கிடையாது. எலும்பிலும் அது வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிருமி எலும்பை அரித்திருந்தது. அரித்த எலும்பின் மேல் ஒருத்தி ஏறி நின்றிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்திருக்காது என்றார் டாக்டரம்மா.

எனக்கு பெட் ஸ்கேன் என்று ஒன்று எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரே மாதிரி இல்லை. வெறும் வயிற்றில் ஊசி வழியாகச் சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏற்றி, பேசாமல் படுக்கவைப்பார்கள். கிருமியோடு உடம்பு எங்கே சண்டை போடுகிறதோ அங்கே அந்த மருந்து போய்ச் சேரும். படத்தில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். என் முதுகில் மூன்று இடத்தில் மஞ்சளாக எரிந்தது. "மருந்து வேலை செஞ்சா இது அணையணும். மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

படுக்கையில் கிடந்தபடி அம்மனைத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். ஆடி தவறாமல் உனக்குக் கூழ் ஊற்றினேனே, என் காலைத்தான் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். அண்ணிதான் என் கையைப் பிடித்து, "நடந்தா ஆடி வெள்ளிக்கு உன் கையால நெய்ஞ்ச பட்டுப் புடவை சாத்துறேன்னு வேண்டிக்கோடி" என்றாள். அழுதுகொண்டே வேண்டிக்கொண்டேன்.

மாத்திரை ஆரம்பித்தது. குமட்டும். மூத்திரம் சிவப்பாகப் போகும். சோற்றைப் பார்த்தாலே வாந்தி. ஆனால் சித்திரையில் வலி போய்விட்டது. பெல்ட் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். தெருவே கும்பிட்டது. அம்மா காப்பாத்திட்டா என்றார்கள். அன்று சாயங்காலமே அண்ணி வந்துவிட்டாள்.

"ஜல்தியா தறியில பாவு போடுடி. ஆடிக்குள்ள புடவை முடியணும்."

"குழியில உக்காரக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க, அண்ணி."

"அவங்க சொல்லிகினேதான் இருப்பாங்க. வேண்டுதலத் தீர்த்துட்டு அந்த மாத்திரைய நிறுத்திடு. அம்மாவுக்குப் புடவை சாத்திட்டு அப்பாலயும் மருந்து முழுங்கினா, உனக்கு அம்மா மேல நம்பிக்கை இல்லன்னு ஆவுது."

இதுதான் எங்கள் தெருவின் பழக்கம். வேண்டுதல் தீர்ந்தால் நோயும் தீர்ந்தது என்று கணக்கை முடித்துவிடுவார்கள். செய்யாறு கம்பெனிக்கு ஷிப்ட் போய்வரும் என் கணவரும், "அக்கா சொல்றதும் நியாயந்தானே" என்றார். எல்லோருக்கும் என் முதுகைப் பற்றித் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த மாத்திரையைத் தூக்கிப்போட எனக்கும் ஆசைதான்.

உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். "நீ குணமாக்கிட்டியா இல்லையா? ஊரே உன் பேர்ல பேசுது, நீ ஏன் வாயத் தொறக்க மாட்ற? உனக்குப் புடவை வேணுமா, நான் நடக்கணுமா? எனக்கு வேற ஒண்ணும் வாணாம். உள்ள இன்னா நடக்குதுன்னு காட்டு!"

நான் கேட்டது அவ்வளவுதான். காட்டு.

அடுத்த ஸ்கேன் வரை மாத்திரையை விடவில்லை, குழியிலும் இறங்கவில்லை. அந்த ஸ்கேனுக்குக் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணி துணைக்கு வந்தாள். "மிஷினே சொல்லட்டும், அம்மா ஜெயிச்சுட்டான்னு" என்று மடியில் குங்குமப் பொட்டலத்தோடு வந்தாள். மிஷினுக்கு வைக்கப் போனவளை நர்ஸ் விரட்டிவிட்டார்.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு இடம் அணைந்திருந்தது. மூன்றாவது இடம் கற்பூரம் மாதிரி எரிந்தது. முன்பைவிடப் பெரிதாக.

"அவளுக்கு வலியே இல்லீங்களே?" என்றாள் அண்ணி.

"வலி போயிடுச்சும்மா. கிருமி போகல."

ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி விட்டு அந்த இடத்துச் சீழை எடுத்துச் சோதித்தார்கள். நான் தின்றுகொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்று அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். அண்ணி பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழியில் இறங்கியிருந்தால் ஆடி வெள்ளிக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் கோயிலுக்குப் போயிருப்பார்கள்.

ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போது பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியது. அண்ணி மெதுவாகக் கேட்டாள்: "அம்மா மேல பாரத்தப் போட்டோமே, இப்பிடியாடி பதில் சொல்லுவா?"

"வேற எப்பிடி அண்ணி சொல்லுவா? நான் காட்டுன்னு கேட்டேன். காட்டிட்டா. நீங்கதான் கண்ண மூடிக்கச் சொல்றீங்க."

அவள் அந்தக் குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள்.

ஆடி வந்தது. அம்மனுக்கு என் புடவை இல்லை. வேண்டிக்கொண்டு ஏமாற்றினவள் என்று குழாயடியில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அந்த வெளிச்சம் அணையட்டும், அப்புறம் புடவை என்றேன். புது மருந்து பழையதைவிட மோசம். திட்டிக்கொண்டே விழுங்கினேன். ஒரு வேளைகூட விடவில்லை.

இந்த ஆனியில் கடைசி ஸ்கேன். முதுகு முழுக்க இருட்டு. எரிந்த இடம் எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இருட்டைப் பார்த்து நான் கும்பிட்டது அன்றுதான்.

இப்போது யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால் அண்ணி மிதிப்பதில்லை. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி படம் எடுத்துகினு வா, அப்பால படு" என்று விரட்டுகிறாள். வந்தவர்கள் பேஜாராகித் திரும்பிப் போகிறார்கள்.

டாக்டரம்மா நன்றாக இருக்கட்டும். அவரை எனக்குக் காட்டியவளுக்கு என் நமஸ்காரம். நம்புகிறவர்களே, அம்மனிடம் கேளுங்கள். சண்டை போட்டே கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அவள் காட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். அவள் ஒரு ஆடி முழுக்கப் பழைய புடவையோடு எனக்காகக் காத்திருந்தாள். அவசரமெல்லாம் நமக்குத்தான்.

பாவு போட்டாகிவிட்டது. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை. காலையில் கொஞ்ச நேரம் மட்டும் உட்காரலாம் என்று அனுமதி. இன்று உட்கார்ந்தேன். குனிந்து பார்க்காமல் மிதித்தேன். வலது காலுக்குப் பலகை தெரிந்தது.