நாற்றத்துக்குச் செத்த மூக்கு

ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கூலியின் மகன் கிதியோன், 1999இல் சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். அவன் எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைபோல நாறும் அந்த வாயுவைத் திரவமாக்கி, இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினால் உலோகமாகும். இன்னும் நசுக்கிக் குளிரவைத்தால் துளித் தடையுமின்றி மின்சாரம் ஓடும் என்று நம்பினான்.

"அதுக்காடா மெட்ராசு போற? இங்க சும்மாவே ஜாஸ்தியா கெடைக்குதே," என்றார் அப்பா. தோல் கழிவிலிருந்து கிளம்பி ஊரையே நாறடிக்கும் அந்தச் சனியன் பிடித்த வாயுவிடமிருந்து ஒரு நல்லதையாவது பிடுங்கிவிட வேண்டும் என்ற வெறி மகனுக்கு.

ஒருநாள் ஆய்வகத்தில் வாயுக் குழாய் கசிந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கிதியோன் மீட்டரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். இழுத்து வந்து வெளியே போட்டார்கள்.

"நாத்தம் அடிச்சதும் ஓடி வர வேணாமா? மூக்கு இருக்கா இல்லையா உனக்கு?" என்று பேராசிரியர் கத்தினார்.

இருந்தது. அந்த நாற்றத்துக்கு மட்டும் அது எப்போதோ செத்திருந்தது. அதற்கெல்லாம் எழுந்து ஓடினால் ஆம்பூரில் எவனும் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. இவனால் எல்லோருக்கும் ஆபத்து என்று எழுதி, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த இரண்டாம் வருடம், கழிவுத் தொட்டியில் சேறு வார இறங்கிய அப்பா மேலே ஏறவில்லை. அதே வாயு. பிணத்தை வாங்கப் போனவனிடம் மேனேஜர் சலித்துக்கொண்டார்:

"இன்னா மனுஷன்பா உங்கப்பா? நாத்தம் அடிச்சதும் ஏறி வந்திருக்க வேணாமா?"