ஊறுகாய் இருந்த சிவப்புத் தட்டு

அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எதைத் தின்றாலும் குமட்டியது. நல்ல புளிப்பான தேசிக்காய் ஊறுகாய் மட்டும்தான் உள்ளே இறங்கியது. அதை ஒரு சிவப்பு மண் தட்டில் போட்டு வைத்திருந்தேன். ஆழமான தட்டு. மஞ்சள் நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள், மேலே கண்ணாடி போல மினுமினுப்பு. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது ஸ்டோர் ரூமில் கிடந்ததை, அங்கே சமையல் வேலை செய்த என் கணவர் மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தார்.

ஒருநாள் ஹோட்டலில் தங்கியிருந்த ஓர் அமெரிக்க அம்மாவை அவர் எங்கள் லயத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்து, ஊறுகாய்த் தட்டையும் முன்னால் வைத்தேன். தட்டைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவர் நாட்டில் நூறு வருஷத்துக்கும் முன்னால் செய்ததாம். கரைத்த களிமண்ணை ஊற்றி ஊற்றியே அந்தக் கோடுகளைப் போடுவார்களாம். இந்த மலைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். எங்களுக்கு எங்கே தெரியும்?

சிரித்துக்கொண்டே ஒரு துண்டு ஊறுகாயை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் "நோ!" என்று கத்தி என் கையைப் பிடித்துவிட்டார். துண்டு மடியில் விழுந்தது. திருட்டுத் தட்டு என்று நினைத்துவிட்டாரோ என்று பயந்தேன். அவர் படபடவென்று பேசப் பேச, என் கணவரின் முகம் வெளிறியது.

"என்னங்க சொல்றாங்க?"

"இந்த மினுமினுப்புல ஈயம் இருக்காம், விஷமாம். புளிப்பு பட்டா கரைஞ்சு சாப்பாட்டுல எறங்கிடுமாம். வயித்துல இருக்க புள்ளைக்கு ஆகாதாம்."

அந்த அம்மா கரண்டியால் ஊறுகாயை ஒதுக்கிக் காட்டினார். அடியில் மினுமினுப்பே இல்லை, சொரசொரவென்று வெறும் மண். நான் தேய்த்துக் கழுவியதால் மங்கியது என்றல்லவா நினைத்திருந்தேன்! அவ்வளவும் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை குழந்தை அசையாத ஒவ்வொரு நேரமும் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசியில் டாக்டர் சொன்னார்: "ஈயம் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. நல்லவேளை, இப்பவே நிப்பாட்டிட்டீங்க." பிறகும் பலமுறை இரத்தம் எடுத்தார்கள், அளவு குறைந்துகொண்டே வந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தட்டைக் கணவர் ஹோட்டலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறதாம். வருகிறவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.