ஊசியக்காவின் ரத்தம் எந்தப் பக்கம்

ஊசி நரம்பில் இறங்கியதும் கையில் கட்டிய ரப்பர் பட்டையை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் ஊசியக்கா உடனே அவிழ்த்துவிடுவார். முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்த குழாயை மூன்று முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவார். ஆய்வகத்துக்கு யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டார். தானே கையில் ஏந்திக்கொண்டு படியேறுவார். "ரத்தத்துல இருக்கிற இந்தத் தட்டணுக்கள் ரொம்ப ரோஷக்காரங்க. குலுக்கினா, குளிர வச்சா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உம்முன்னு ஆயிடும். அப்புறம் ஒரு சேதியும் வாங்க முடியாது."

சேதி என்று அவர் சொல்வது, அந்த அணுக்களுக்குள்ளே தகவல் கடத்தும் புரதங்களை. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அவை வேறு மாதிரி வேலை செய்கின்றனவா என்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. சோர்வு உள்ளவர்கள் நாற்பது பேர், இல்லாதவர்கள் நாற்பது பேர்.

ஊசியக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவியை அழைத்து வந்த ஒருவர், உடம்பு வணங்காததற்கு இப்படியும் ஒரு வியாதிப் பேரா என்று முணுமுணுத்தார். "நீங்க வெளிய உக்காருங்க சார். ரத்தம் எடுக்க உங்க அபிப்பிராயம் தேவைப்படல." அந்த மனைவி அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

இவ்வளவு பேசுகிறவர் தன் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நாலு வருஷமாகச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பயம்தான். மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் இதே மாத்திரை சாப்பிடுவது தெரிந்ததும், அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. ஊசி பிடிக்கிற கை என்றால் சும்மா விடுவார்களா?

போன வாரம் சோர்வு இல்லாதவர்களில் ஓர் ஆள் குறைந்தது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவுக்கு அவசரம். குத்துக்கல்லாட்டம் நம்ம ஊசியக்கா இருக்கும்போது வெளியே எதற்குத் தேடுவது என்று படிவத்தை அவரே நிரப்பிவிட்டார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு, கேட்காமலே 'இல்லை' கட்டத்தில் ஒரு குறி. கையெழுத்து போடுவதுதான் மிச்சம்.

ஊசியக்கா பேனாவை வாங்கி அந்தக் குறியைக் கோடிட்டு அடித்தார். பக்கத்துக் கட்டத்தில் அழுத்தி இன்னொரு குறி போட்டார்.

"நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறேன் டாக்டர். என் ரத்தம் வேணும்னா அந்தப் பக்கம் வச்சுக்குங்க. இந்தப் பக்கம் வச்சு அதைப் பொய் சொல்ல வைக்காதீங்க."

அறையிலிருந்த மற்றவர்களுக்குத் திடீரென்று அவரவர் குழாய்களில் நிறைய வேலை வந்துவிட்டது. இன்றைக்கு ரத்தம் எடுப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டுமே என்று கனிவாகச் சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஊசித்தட்டின் பக்கம் கையை நீட்டினார்.

ஊசியக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டார்.