சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

தி.நகரில் ஒரு துணிக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு வருடமாக நிற்காமல் ஓடியதை ஆயுதபூஜைக்காக முதன்முதலாக அணைத்தோம். கடையைப் பெருக்கித் துடைக்கும் செல்வி அக்கா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் பில்லிங் மட்டும் வரவில்லை. கல்லா முன் கூட்டம். காய்ந்த சந்தனம்தான் என் கண்ணில் பட்டது.

"ஈரத்தை உள்ள விட்டுட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினேன்.

பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழிப்பது இனிட் என்ற புரோகிராம். தன் பட்டியலில் இருப்பவற்றை அதுதான் ஒவ்வொன்றாக எழுப்பும். அந்தப் பட்டியலில் பில்லிங்கை நான் சேர்க்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கையால் ஓடவிட்டதோடு சரி.

சேர்த்தேன். "தப்பு என்னோடதுதான் அக்கா" என்று அதே கூட்டத்தின் முன் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அவரையே போடச் சொன்னேன்.

"நான் தொட்லாமா சார்?"

தொட்டார். பில்லிங் தானாக வந்து நின்றது.

"நல்லாத்தான் கீது. மொதோ பில்லப் போடு நைனா" என்று சிரித்தார்.

அடுத்த ஆயுதபூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நானே அக்காவிடம் நீட்டினேன்.